இயக்குநர் குழுவில் யார் யார்? அறிமுகக் குறிப்புகளைப் படிக்கும் முறை

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்க நினைப்பவரும், அங்கே பெரிய வேலைக்குச் சேரப் போகிறவரும், அதைப் பற்றி முதல்முறையாகச் செய்தி எழுதுபவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘எங்கள் இயக்குநர்கள்’ என்ற பக்கத்துக்கு வந்து சேர்வார்கள். கோட்டு அணிந்த புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்தாறு வரிகள். ‘முப்பது ஆண்டுகளுக்கும் மேலான செழுமையான அனுபவம் கொண்டவர்’, ‘தொலைநோக்குச் சிந்தனையாளர்’, ‘பல முன்னணி நிறுவனங்களுக்கு ஆலோசகர்’. படித்து முடிக்கும்போது எல்லோர் மீதும் மரியாதை வந்துவிடும். யாருக்கு எது தெரியும் என்பது மட்டும் விளங்காது.

இயக்குநர் குழு அன்றாட வியாபாரத்தை நடத்துவதில்லை. தலைமைச் செயல் அதிகாரியை நியமிக்கிறது, தேவைப்பட்டால் நீக்குகிறது, அவருடைய சம்பளத்தை முடிவு செய்கிறது, கணக்குகளை ஏற்கிறது, பெரிய முதலீடுகளுக்கும் கையகப்படுத்தல்களுக்கும் ஒப்புதல் தருகிறது. நிர்வாகம் கொண்டுவந்து வைக்கும் தாள்களைப் பார்த்துக் கேள்வி கேட்பதுதான் அதன் வேலையில் பெரும்பகுதி. ஆகவே இந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் எந்தக் கேள்வியை யாரால் கேட்க முடியும்?

முதல் படி: சரியான ஆவணத்தை எடுங்கள்

இணையதளக் குறிப்பு விளம்பரத் துறையின் கைவண்ணம். அதைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சட்டப்படி வெளியிட வேண்டிய ஆவணத்தைத் தேடுங்கள். அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், ஆண்டுக் கூட்டத்துக்கு முன் பங்குதாரர்களுக்கு அனுப்பப்படும் பிராக்ஸி அறிக்கையை எட்கர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வோர் இயக்குநரும் கடந்த 5 ஆண்டுகளில் செய்த வேலை, அந்தக் காலத்தில் வகித்த பிற இயக்குநர் பதவிகள், கடந்த 10 ஆண்டுகளில் சந்தித்த குறிப்பிட்ட வகை வழக்குகள் ஆகியவற்றை அதில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் ஒருவருடைய பெயரை இட்டுத் தேடினால், அவர் எந்தெந்த நிறுவனங்களில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற பட்டியல் கிடைக்கும். இந்தியாவில் ஆண்டறிக்கையோடு வரும் நிறுவன ஆளுகை அறிக்கையும், பொதுக்கூட்ட அழைப்பறிக்கையின் இணைப்பும் நம்பகமான இடங்கள்.

இந்திய ஆண்டறிக்கைகளில் இன்னொன்றும் இருக்கும். எந்த இயக்குநரிடம் எந்தத் திறன் உள்ளது என்று காட்டும் அட்டவணையை வெளியிடச் சொல்கிறது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. நோக்கம் நல்லது. ஆனால் எல்லாப் பெயருக்கும் எதிரே எல்லாக் கட்டத்திலும் குறி போட்டு வைத்திருக்கும் அட்டவணைகளைப் பார்த்தால், அதை நிரப்பியவரின் பொறுமையைத் தவிர வேறெதையும் பாராட்டத் தோன்றாது. பத்துப் பேரும் பத்திலும் வல்லவர்கள் என்று சொல்லும் அட்டவணையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: நீங்களே ஓர் அட்டவணை போடுங்கள்

காகிதமோ கணினியோ, ஒரு வரிசைக்கு ஒரு பெயர். இருக்கையின் வகை, சேர்ந்த ஆண்டு, கடைசியாகப் பார்த்த முழுநேர வேலை, அது முடிந்த ஆண்டு, எந்தத் தொழில், தணிக்கை, சம்பளம் போன்றவற்றைக் கவனிக்கும் எந்தத் துணைக்குழுக்களில் இருக்கிறார், வேறு எத்தனை நிறுவனங்களில் இருக்கிறார். இவ்வளவு போதும்.

இருக்கையின் வகையில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே குழுவிலும் இருப்பவர் செயல் இயக்குநர். நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர் குடும்பத்தின் சார்பிலோ, பெரிய முதலீட்டாளரின் சார்பிலோ வந்தவர்கள் தங்களை அனுப்பியவரின் நலனையும் சுமந்தே வருகிறார்கள். அதில் தவறில்லை, தெரிந்திருந்தால் போதும். நிறுவனத்தோடு பண உறவோ குடும்ப உறவோ இல்லாமல், எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் பார்க்க வேண்டியவர் சுயேச்சை இயக்குநர்.

சேர்ந்த ஆண்டு ஏன் முக்கியம் என்றால், சுயேச்சை என்ற தன்மை காலப்போக்கில் தேய்கிறது. 9 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் ஒருவருடைய சுயேச்சைத்தன்மை பாதிக்கப்படக்கூடும் என்று பிரிட்டனின் ஆளுகை நெறிமுறை கருதுகிறது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி ஐந்தைந்து ஆண்டுகளாக இரண்டு தவணைகள். அதன்பின் 3 ஆண்டு இடைவெளி. அமெரிக்காவில் அப்படிப்பட்ட சட்ட வரம்பு இல்லை. அதனால் அங்கே 20 ஆண்டுகளாக இருப்பவரும் ‘சுயேச்சை’ என்ற பெயரோடு தொடரலாம்.

மூன்றாம் படி: பெயரடைகளை அடித்துவிட்டு, வினைச்சொற்களையும் ஆண்டுகளையும் படியுங்கள்

குறிப்பை எடுத்து ‘புகழ்பெற்ற’, ‘மூத்த’, ‘தலைசிறந்த’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பது என்ன? ‘நடத்தினார்’ என்பது ஒன்று. ‘தொடர்பு கொண்டிருந்தார்’, ‘பங்களித்தார்’, ‘ஆலோசனை வழங்கினார்’ என்பவை வேறு. லாப நட்டத்துக்கு நேரடிப் பொறுப்பேற்ற ஒருவர் அதை எண்ணோடும் ஆண்டோடும் சொல்லிக்கொள்வார். ஆண்டுகளே இல்லாத குறிப்பில் பெரும்பாலும் இடைவெளி ஒன்று மறைந்திருக்கும், அல்லது பெருமையான அந்தப் பதவி கால் நூற்றாண்டுக்கு முந்தையதாக இருக்கும்.

பயிற்சிக்காக, எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்திரா நூயி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல், கல்கத்தா ஐ.ஐ.எம்., பிறகு யேல். பாஸ்டன் கன்சல்டிங் குரூப், மோட்டோரோலா, ஏபிபி ஆகியவற்றில் வேலை. 1994இல் பெப்சிகோ, 2000இல் அதன் நிதித் தலைமை அதிகாரி, 2006 முதல் 2018 வரை தலைமைச் செயல் அதிகாரி. 2019இல் அமேசானின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். இதிலிருந்து என்ன எழுதிக்கொள்ளலாம்? நுகர்பொருள் வியாபாரம், பல நாடுகளில் பரந்த விநியோகம், பெரிய நிறுவனத்தின் கணக்கில் நேரடி அனுபவம், முதல் நாற்காலியில் 12 ஆண்டு. கிளவுட் கணினிச் சேவையில் தொழில்நுட்ப அனுபவம் இந்தப் பட்டியலில் இல்லை. அமேசானின் வருமானத்துக்கு அது மிக முக்கியமான பகுதி. அது அவருடைய குறை என்று ஆகாது. ஒருவரிடமே எல்லாம் இருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர் குழுவில் வேறு யார் என்று உங்கள் கண் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அட்டவணை.

ஒவ்வொரு பின்னணிக்கும் அதற்கே உரிய பலமும் சாய்வும் உண்டு. பிற நிறுவனங்களின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரிகள் மிகுதியாக அழைக்கப்படுகிறார்கள். நெருக்கடி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதேநேரம், இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்மீது அவர்களுக்கு இயல்பாகவே ஓர் அனுதாபம் இருக்கும். சம்பள விஷயத்தில் அது கூடுதலாகவே வெளிப்படும். அவர் நடத்திய நிறுவனம் எவ்வளவு பெரியது, வளர்ந்த காலத்தில் நடத்தினாரா, சரிந்த காலத்தில் நடத்தினாரா, எப்படி வெளியேறினார் என்று பாருங்கள்.

நிதிப் பின்னணி என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கைத் தயாரித்துக் கையெழுத்திட்டவர், அதைத் தணிக்கை செய்தவர், பங்குகளை விற்றுக்கொடுத்த முதலீட்டு வங்கியாளர் ஆகிய மூவரும் ‘நிதி வல்லுநர்’ என்ற ஒரே அடைமொழியோடு வருவார்கள். கணக்கு மோசடியில் சிக்கிய எரிசக்தி நிறுவனமான என்ரானின் சரிவுக்குப் பின் 2002இல் அமெரிக்கா கொண்டுவந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், தணிக்கைக் குழுவில் நிதி வல்லுநர் ஒருவராவது இருக்கிறாரா, இல்லையென்றால் ஏன் என்று நிறுவனம் சொல்ல வேண்டும் என்றது. நடைமுறை விதிகள் வந்தபோது, அந்த வேலையைச் செய்தவர்களை நேரடியாக மேற்பார்வை செய்தவரும் வல்லுநராகக் கருதப்படலாம் என்று வரையறை விரிந்தது. ஆகவே ‘நிதி வல்லுநர்’ என்று குறிக்கப்பட்டவர் வாழ்நாளில் ஒரு பேரேட்டைக்கூடத் திறக்காத முன்னாள் தலைமைச் செயல் அதிகாரியாகவும் இருக்கலாம். வருவாயை எந்தத் தேதியில் கணக்கில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். முன்னாள் நிதித் தலைமை அதிகாரியையும் ஓய்வுபெற்ற தணிக்கையாளரையும் நான் முதலில் தேடுவது இதனால்தான்.

ஓய்வுபெற்ற அரசு உயரதிகாரிகள், படைத் தளபதிகள், தூதர்கள் வாசல்களைத் திறப்பார்கள். அரசு எப்படி யோசிக்கும் என்று சொல்வார்கள். அவர் பணியில் இருந்தபோது இதே துறையைக் கட்டுப்படுத்தும் இடத்தில் இருந்தாரா, ஓய்வுக்கும் இந்தப் பதவிக்கும் இடையே எவ்வளவு காலம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்களுக்கு வேறு வருமானம் இருப்பதால் துணிந்து பேசலாம். நிறுவனத்திடமிருந்து ஆலோசனைக் கட்டணமும் வாங்குகிறாரா என்பதைப் பொறுத்தது அந்தத் துணிச்சல். வழக்கறிஞர்களிடமும் இதே கேள்விதான். வாரிசுகளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். தொழிற்சாலைத் தளத்தில் தொடங்கி வளர்ந்த வாரிசுக்கு அந்த வியாபாரத்தின் நுணுக்கம் வெளியாள் எவரையும்விடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். குடும்ப நிறுவனத்துக்கு வெளியே ஒருநாளாவது சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறாரா என்பது நல்ல அளவுகோல்.

நான்காம் படி: நிறுவனத்தை மூழ்கடிக்கக் கூடியவை எவை என்று முதலில் எழுதுங்கள்

மொத்த வேலையிலும் பலன் மிகுந்த படி இது. பெயர்களை மூடி வைத்துவிட்டு, இந்தத் தொழிலில் நிறுவனத்தைக் கவிழ்க்கக் கூடிய மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வங்கியானால் கடனும் ரொக்க நெருக்கடியும். மருந்து நிறுவனமானால் ஆலைத் தரமும் ஒழுங்குமுறை ஆய்வும். மென்பொருளானால் தரவுத் திருட்டு. பிறகு அட்டவணையைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆபத்தை நேரில் கையாண்ட பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெரானோஸ் இதற்குப் பாடப் புத்தகம் போன்ற எடுத்துக்காட்டு. விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்வதாகச் சொன்ன நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிசிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரியும், தளபதி ஜேம்ஸ் மேட்டிஸும் இருந்தார்கள். மருத்துவப் பின்னணி கொண்டவர்கள் ஓரிருவரே. உலகின் எந்தக் குழுவுக்கும் பெருமை சேர்க்கும் பெயர்கள்தான். ஆனால் கருவி காட்டும் எண் சரியா, அதை வேறு ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்வி அந்த அறையில் இருந்த பெரும்பாலோரின் தொழில்வாழ்க்கையில் ஒருபோதும் எழுந்ததில்லை. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்ற உண்மையை 2015இல் பத்திரிகைச் செய்தி வெளிக்கொண்டு வந்தது. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது.

ஐந்தாம் படி: துணைக்குழுக்களையும் வருகைப் பதிவையும் பாருங்கள்

தகுதியுள்ளவர் குழுவில் இருக்கிறார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் தகுதிக்கேற்ற துணைக்குழுவில் இருக்கிறாரா? அந்தத் துணைக்குழு கூடுகிறதா? 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்த லீமன் பிரதர்ஸ் வங்கியின் குழுவில் நாடகத் தயாரிப்பாளரும் முன்னாள் கடற்படை அதிகாரியும் இருந்ததைப் பலரும் கேலி செய்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. நிதி மற்றும் இடர் குழுவுக்குத் தலைவராக இருந்த ஹென்றி காஃப்மன் பெயர்பெற்ற பொருளாதார வல்லுநர். அந்தக் குழு 2006இலும் 2007இலும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கூடியது. அறிவு அறைக்குள் இருந்தது. அறையைத் திறப்பதுதான் அரிதாக இருந்தது.

சில நேரம் துணைக்குழுவே இருக்காது. போயிங்கின் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். விமானப் பாதுகாப்புக்கென்று இயக்குநர் மட்டத்தில் தனிக்குழு 2019 ஆகஸ்டில்தான் அமைக்கப்பட்டது. பங்குதாரர்கள் இயக்குநர்கள்மீது தொடுத்த வழக்கு, 23.75 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நான்காம் படியில் நீங்கள் எழுதிய மூன்று ஆபத்துகளுக்கும் பொறுப்பான துணைக்குழு எது என்று ஆண்டறிக்கையில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: யார் யாருக்கு வேண்டியவர்?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு இயக்குநர்கள் முன்பு ஒரே நிறுவனத்தில் மேலாளரும் கீழ்ப்பணியாளருமாக இருந்தார்களா? இந்த நிறுவனத்தின் தணிக்கை நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்று நேராக இங்கே வந்தவர் உண்டா? தலைமைச் செயல் அதிகாரி இருக்கும் வேறொரு குழுவில் இவரும் இருக்கிறாரா? என்ரானில் சில இயக்குநர்கள் ஆலோசனைக் கட்டணம் பெற்றதும், சிலர் சார்ந்த அமைப்புகளுக்கு நன்கொடை போனதும் 2002இல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் அறிக்கையில் பேசப்பட்டது. இவையெல்லாம் அறிமுகக் குறிப்பில் வராது. ஆண்டறிக்கையில் ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்ற சலிப்பூட்டும் பகுதியில் இருக்கும்.

உறவு எப்போதும் கெட்ட எண்ணத்தில் தொடங்குவதில்லை. கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த எரிக் ஷ்மிட் 2006இல் ஆப்பிளின் இயக்குநர் ஆனபோது இரண்டும் நட்பு நிறுவனங்கள். ஆண்ட்ராய்டு வந்ததும் போட்டியாளர்கள் ஆகிவிட்டன. 2009 ஆகஸ்டில் அவர் விலகினார். போட்டி நிறுவனங்களுக்குப் பொதுவான இயக்குநர்கள் இருப்பதை அமெரிக்காவின் கிளேட்டன் சட்டம் 1914 முதலே கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஒருவர் வகிக்கும் மற்றப் பதவிகளை ஆண்டுதோறும் புதிதாகப் பாருங்கள். ஆள் அதே ஆள், நிறுவனங்கள் மாறியிருக்கும்.

மற்றப் பதவிகளை எண்ணும்போதே சுமையும் தெரிந்துவிடும். இந்தியச் சட்டம் ஒருவருக்கு 20 நிறுவனங்கள் வரை அனுமதிக்கிறது, அதில் பொது (பப்ளிக் லிமிடெட்) நிறுவனங்கள் 10; பட்டியலிடப்பட்டவை 7 என்று செபி வரம்பு வைத்திருக்கிறது. வரம்பைத் தொட்டு நிற்கிறவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறார் என்று நம்புவது உங்கள் விருப்பம்.

ஏழாம் படி: சரிபாருங்கள்

பெரிய நிறுவனம் தப்பாக எழுதியிருக்காது என்று விட்டுவிடக் கூடாது. 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியான ஸ்காட் தாம்சனின் குறிப்பில் கணக்கியலோடு கணினி அறிவியல் பட்டமும் இருந்தது. பங்குதாரரான ஒரு முதலீட்டு நிதியம் அவர் படித்த ஸ்டோன்ஹில் கல்லூரியிடம் விசாரித்தது. அவர் 1979இல் பட்டம் பெற்ற காலத்தில் அந்தக் கல்லூரி கணினி அறிவியல் பட்டமே வழங்கவில்லை. மே மாதத்தில் பதவி போயிற்று. அவரைத் தேர்ந்தெடுத்த தேடல் குழுவுக்குத் தலைமை தாங்கிய இயக்குநரின் கல்வித் தகுதியும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது என்று அதே விசாரணையில் தெரியவந்தது.

உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒருவருடைய குறிப்பை அவர் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓரிடத்தில் இருக்கும் பதவி மற்றோரிடத்தில் காணாமல் போயிருந்தால், அந்த நிறுவனத்துக்கு இடையில் என்ன ஆயிற்று என்று தேடுங்கள். திவாலான நிறுவனத்தின் பெயரை யாரும் குறிப்பில் வைத்திருக்க விரும்புவதில்லை.

பின்னணி சொல்லாத பகுதி

இவ்வளவையும் செய்து முடித்தபின் கிடைப்பது, யாரால் கேள்வி கேட்க முடியும் என்ற பட்டியல்தான். கேட்பாரா என்பதற்கு அதில் விடை இல்லை. என்ரானின் தணிக்கைக் குழுத் தலைவர் ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியின் முன்னாள் முதல்வர், கணக்கியல் பேராசிரியர். அவரைவிடத் தகுதியானவரைக் காட்டுவது கடினம். அவரும் இருந்த இயக்குநர் குழுதான் நிதித் தலைமை அதிகாரியே நிறுவனத்தோடு வியாபாரம் செய்யும் கூட்டு அமைப்புகளை நடத்துவதற்கு வசதியாக நடத்தை விதியைத் தளர்த்திக் கொடுத்தது. இந்திய மென்பொருள் நிறுவனமான சத்யமின் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர், பென்டியம் சில்லு உருவாக்கத்தோடு பெயர் இணைந்த வினோத் தாம் எல்லோரும் இருந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டத்துக்குக் குழு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் பொய் என்று நிறுவனரே கடிதம் எழுதினார்.

கேட்பாரா என்பதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் தடயங்கள் குறைவு. அவற்றில் சிறந்தது விலகல் கடிதம். இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்திலிருந்து தவணை முடியும் முன் விலகும் சுயேச்சை இயக்குநர் விரிவான காரணம் சொல்ல வேண்டும். சொன்னதைத் தவிர முக்கியமான வேறு காரணம் இல்லை என்றும் உறுதி கூற வேண்டும். நிறுவனம் அதை 7 நாட்களுக்குள் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் அட்டவணையில் உள்ள பெயர்களின் பழைய விலகல் கடிதங்களைப் பங்குச் சந்தைத் தளத்தில் தேடி எடுங்கள். ‘சொந்தக் காரணங்களால், நேரமின்மையால்’ என்று இருந்தால், அதே காலத்தில் அவர் வேறு எந்தெந்தக் குழுக்களில் தொடர்ந்தார் என்று பாருங்கள். நான்கில் மூன்றில் தொடர்ந்துகொண்டு ஒன்றிலிருந்து மட்டும் விலகியவருக்கு நேரம் பற்றாக்குறையாக இருந்திருக்காது. அந்த ஒன்றின் அடுத்த இரண்டு காலாண்டுக் கணக்குகளையும், தணிக்கையாளர் மாற்றம் ஏதும் நடந்ததா என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.